மண்ணில் முதிரும் முட்டை

உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற குழந்தையையும், எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாமல் வயிறு மட்டும் உப்பி நிற்கிற குழந்தையையும் கண்ட மாத்திரத்தில், "வயித்துல பூச்சி இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிற பாட்டிமார் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். குற்றவாளி யார் என்பதிலும் அவர்களுக்கு ஐயம் கிடையாது. "வெல்லத்தைத் தின்னாதேடா, பூச்சி வைக்கும்னு எத்தனை தரம் சொல்றது!" என்று பேரனைக் கடிந்துகொண்டு, மறுநாள் காலை வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுத்தோ, விளக்கெண்ணெயைப் புகட்டியோ காரியத்தை முடித்துவிடுவார்கள். அவர்களுடைய பரிவில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வெல்லத்தின் மேல் சுமத்தப்பட்டிருக்கும் பழி அநியாயமானது என்பதையும், மெய்யான குற்றம் நம்முடைய கொல்லைகளிலும் தெருவோரங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் கிடக்கிறது என்பதையும் இனியாவது கூச்சமின்றிப் பேசவேண்டும் என்று கருதுகிறேன்.

பல ஊர்களில் நாக்குப்பூச்சி என்றும், பாடப்புத்தகங்களில் உருளைப்புழு என்றும் வழங்கும் இந்த ஜீவன் மனிதனுக்கு மிகப் பழைய உறவு. 1485-ல் போர்க்களத்தில் மாண்ட இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூட்டை 2012-ல் லெஸ்டர் நகரத்தில் தோண்டியெடுத்தபோது, இடுப்பெலும்பை ஒட்டியிருந்த மண்ணைப் பரிசோதித்த ஆராய்ச்சியாளர்கள் அதில் இந்தப் புழுவின் முட்டைகளைக் கண்டார்கள். ஐந்து நூற்றாண்டு கழிந்தும் அவற்றின் ஓடு அடையாளம் தெரியும்படி இருந்தது. 1947-ல் நார்மன் ஸ்டோல் என்ற அமெரிக்க விஞ்ஞானி, உலகத்தில் 64 கோடியே 40 லட்சம் பேர் இந்தப் புழுவைச் சுமக்கிறார்கள் என்று மதிப்பிட்டார். முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும், மருத்துவம் இத்தனை தூரம் வந்த பின்னும், அந்தத் தொகை எழுபது எண்பது கோடிக்குள்தான் ஊசலாடுகிறது என்று சொல்கிறார்கள். ஜனத்தொகை பெருகியதை எண்ணினால் விகிதம் குறைந்திருக்கிறது என்பது மெய்தான். ஆயினும், காசு அதிகம் செலவழியாத மருந்து கையில் இருக்கும்போது இத்தனை கோடி மனிதர்கள் ஒரு புழுவுக்குத் தம் குடலை விட்டுக்கொடுத்திருப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை வேண்டும். அந்த விடை புழுவின் வாழ்க்கை வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது.

முழு வளர்ச்சி பெற்ற பெண் புழு பென்சில் பருமனில், இருபது முதல் முப்பத்தைந்து சென்டிமீட்டர் நீளத்தில், வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில், நம் சிறுகுடலில் வாசம் செய்கிறது. கொக்கிப்புழுவைப்போலக் குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும் வழக்கம் இதற்கு இல்லை. குடல் ஆகாரத்தைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்க, அந்தப் போக்குக்கு எதிராகத் தன் தசைவலிமை ஒன்றினாலேயே நீந்திக்கொண்டு, நாம் பாதி ஜீரணித்த உணவைத் தின்று, ஓராண்டோ இரண்டாண்டோ உயிர் வாழ்கிறது. அந்த ஆயுட்காலத்தில் அது நாளொன்றுக்கு இடுகிற முட்டைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு லட்சம். அவ்வளவும் மலத்தோடு வெளியேறிவிடுகின்றன. ஒன்றுகூட உள்ளே தங்கிப் பொரிப்பதில்லை.

இவ்விடத்தில் வாசகர் சற்று நின்று யோசிக்க வேண்டும். அம்மை வைத்தவர் உடம்பில் அம்மைக்கிருமி பெருகுகிறது. காசநோய்க் கிருமி பெருகுகிறது. மலேரியாக் கிருமியும் பெருகுகிறது. நாக்குப்பூச்சி மனித உடலுக்குள் பெருகுவதில்லை. ஒரு குழந்தையின் வயிற்றில் இருபது புழுக்கள் இருக்கின்றன என்றால், அந்தக் குழந்தை குறைந்தபட்சம் இருபது முட்டைகளை வெளியிலிருந்து விழுங்கியிருக்கிறது, மனித மலம் கலந்த மண் அதன் வாய்க்குள் போயிருக்கிறது என்பதே அதன் பொருள். வயிற்றிலுள்ள புழுக்களின் எண்ணிக்கை குழந்தையின் தின்பண்ட ஆசைக்கு அளவுகோல் அன்று. அந்த ஊர் மண்ணின் அசுத்தத்துக்கு அளவுகோல்.

நுண்பெருக்கியின் கீழ் இந்த முட்டையை ஒரு தடவை பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் பதினைந்துக்குக் குறையாமல் வரிசையாக அடுக்கிவிடக்கூடிய அத்தனை சிறிய உருண்டை. பித்தநீரில் தோய்ந்து தவிட்டு நிறம் ஏறிய, மேடும் பள்ளமுமான புறத்தோல். அதனுள்ளே கண்ணாடிபோல் தெளிந்த தடித்த ஓடு. ஓட்டின் உட்புறத்தில் எந்த இரசாயனத்தையும் எளிதில் உள்ளே விடாத ஒருவகைக் கொழுப்புப் படலம். பரிசோதனைச் சாலைகளில் பார்மலின் திரவத்தில் பாதுகாத்து வைத்த முட்டைக்குள்ளும் கரு வளர்ந்து குஞ்சு நெளிவதைக் கண்டிருக்கிறார்கள். குடிநீரில் கலக்கிற குளோரின் அதை ஒன்றும் செய்வதில்லை. நேர் வெயிலும், கடும் வறட்சியும், நல்ல சூடுமே அதற்கு எமன்கள்.

இத்தனை கவசம் பூண்டிருந்தும், வெளிவந்த அந்தக் கணத்தில் அது யாருக்கும் தீங்கு செய்யாது. அப்போதே விழுங்கினாலும் நோய் வராது. ஆகையால் புழு உள்ள குழந்தையோடு விளையாடுவதனாலோ ஒரே பாயில் படுப்பதனாலோ இது தொற்றிக்கொள்வதில்லை. நிழலும் ஈரமும் வெதுவெதுப்பும் காற்றோட்டமும் உள்ள மண்ணில் அது இரண்டு முதல் நான்கு வாரம் கிடக்கவேண்டும். அந்தக் காலத்தில் முட்டைக்குள் கரு உருப்பெற்று, புழுக்குஞ்சாகி, ஓட்டுக்குள்ளேயே இருமுறை தோலுரித்து, விழுங்கப்படுவதற்குச் சித்தமாகிறது. விழுங்குவார் கிடைக்காவிட்டால் அவசரப்படுவதில்லை. தக்க மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். வாழைமரத்தடி, துவைகல்லின் ஓரம், குழாயடியில் தண்ணீர் தேங்கிச் சொதசொதவென்று கிடக்கும் இடம், மாமர நிழலில் குழந்தைகள் கோலி விளையாடுகிற தரை — நம் வீட்டைச் சுற்றிய இந்த இதமான இடங்களெல்லாம் அதற்கும் இதமானவையே. ஊர் மக்களில் ஒரு பகுதியினர் திறந்த வெளியில் மலம் கழிக்கிற வரையில் அந்த மண் குழந்தையின் நகக்கண்ணுக்கும், கழுவாத கீரைக்கும், கீழே விழுந்ததை எடுத்துத் தின்கிற கைக்கும் வந்து சேர்ந்துகொண்டேதான் இருக்கும்.

இனி உள்ளே நடப்பது, ஜீவராசிகளின் சரித்திரத்தில் நான் படித்த விசித்திரங்களுள் ஒன்று. விழுங்கப்பட்ட முட்டை சிறுகுடலில் பொரிந்து, கால் மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சு வெளிவருகிறது. அது வாழவேண்டிய இடம் அந்தச் சிறுகுடலே. ஆயினும் அது அங்கே தங்குவதில்லை. குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு கலந்து, கல்லீரலை அடைந்து, அங்கிருந்து இருதயத்தின் வலப்புறம் புகுந்து, நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கே பத்துப் பதினான்கு நாள் தங்கி வளர்ந்து, காற்றறைகளின் மெல்லிய சுவரை உடைத்துக்கொண்டு வெளிவந்து, மூச்சுக்குழாய் வழியாக மேலே ஏறித் தொண்டையை எட்டி, சளியோடு மறுபடியும் விழுங்கப்பட்டு, புறப்பட்ட அதே சிறுகுடலுக்கு ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ளதாகத் திரும்புகிறது. முட்டை வாய்க்குள் போன நாளிலிருந்து இரண்டு மூன்று மாதத்தில், புதிய பெண் புழு தன் பங்குக்கு முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதற்கு இவ்வளவு பெரிய பிரதட்சிணம் எதற்கு? இதன் மூதாதைகள் மற்றொரு பிராணியின் உடலிலோ, தோலைத் துளைத்துப் புகும் முறையிலோ வாழ்ந்திருக்கலாம், அந்தப் பழைய பாதையே மிச்சமிருக்கிறது என்பர் சிலர். திசுக்களினூடே பயணம் செய்கிற புழுக்கள் அப்படிச் செய்யாதவற்றைவிடப் பெரியவையாக வளர்கின்றன, அதுவே பயன் என்பர் வேறு சிலர். முடிந்த முடிவு இல்லை.

இந்தப் பாதையைக் கண்டறிந்த கதையும் சாமானியமானதன்று. இத்தாலியரான கிராஸி 1879-ல் முட்டைகளைத் தாமே விழுங்கி, வேறொரு பிராணியின் துணையின்றியே இந்தப் புழு மனிதனைப் பற்றுகிறது என்று காட்ட முயன்றார். ஆங்கிலேய மருத்துவரான ஸ்டூவர்ட் 1916-ல் எலிகளுக்கு முட்டையைப் புகட்டிப் பார்த்தபோது, குஞ்சுகள் அவற்றின் நுரையீரலில் இருக்கக் கண்டு திகைத்தார். மனிதனிலும் அப்படித்தானா என்ற சந்தேகத்தை 1922-ல் தீர்த்துவைத்தவர் ஜப்பானியக் குழந்தை மருத்துவர் ஷிமேசு கொய்னோ. அவர் இரண்டாயிரம் முட்டைகளைத் தாமே விழுங்கினார். சில நாட்களில் நிமோனியா கண்டவர்போல் காய்ச்சலும் இருமலும் வந்து படுத்தார். காறித் துப்பிய சளியை நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது அதில் புழுக்குஞ்சுகள் ஏராளமாக நெளிந்தன. மழைக்காலம் தொடங்கி ஓயாது இருமுகிற ஏழைக் குழந்தைகளில் எத்தனை பேருடைய இருமலுக்கு இதுவும் ஒரு காரணம் என்பதை, அவசரமாக மருந்துச் சீட்டு எழுதுகிற நம் மருத்துவர்கள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தால் நன்று.

குடலில் நாலைந்து புழுக்கள் இருந்தால் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதிகமானால் அவை ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகத் திரண்டு குடலையே அடைத்துவிடும். காய்ச்சல் கண்டால் நிலைகொள்ளாமல் அலைந்து வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் வெளிவரும். பித்தக்குழாய்க்குள் நுழைந்து உயிருக்கு உலை வைப்பதும் உண்டு. காஷ்மீரத்து மருத்துவர்கள் பித்தக்குழாயிலும் கணையக்குழாயிலும் புழு புகுந்த 500 நோயாளிகளைப் பற்றி 1990-ல் எழுதிய கட்டுரை மருத்துவ உலகத்தில் பிரசித்தமானது. ஆயினும் மரணங்களைவிடப் பரந்த கேடு ஓசையின்றி நடப்பது. வளரும் பிராயத்துக் குழந்தை உண்ட சோற்றின் சாரமும், கொஞ்சநஞ்சம் கிடைத்த வைட்டமின் ஏ-யும் சரியாக உடம்பில் சேராமல் போய், ஏற்கெனவே அரைவயிறு உண்ணும் வீட்டுப் பிள்ளை மேலும் நலிகிறது. ஊரில் உள்ள புழுக்களில் பெரும்பகுதியைச் சுமப்பவர்களும் ஒரு சில குழந்தைகளே. அந்தச் சிலர் யாருடைய பிள்ளைகளாக இருப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2015 பிப்ரவரி முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடந்து வருகிறது. ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளோருக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதி, இலவசமாகக் கொடுக்கிறார்கள். மிகச் சிறந்த பணி. பூச்சி மாத்திரை கொடுக்கும் நாளில் பயந்துகொண்டு பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடும் தாய்மார்களை நான் கைகூப்பி வேண்டிக்கொள்கிறேன்: தயவுசெய்து அனுப்புங்கள். ஆனால் அந்த மாத்திரை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறிந்துகொள்ளாமல், கொடுத்த மாத்திரைகளின் கணக்கையே சாதனையாக எண்ணிவிடும் அபாயம் இருக்கிறது. குடலில் உள்ள புழுவை அது பட்டினி போட்டுக் கொல்லும். நுரையீரலில் பயணம் செய்துகொண்டிருக்கும் குஞ்சுகளின் மேல் அதற்கு அவ்வளவு வலிமை இல்லை. மண்ணில் கிடக்கும் முட்டைகளை அது தொடப்போவதே இல்லை. ஆகவே, மாத்திரை தின்ற குழந்தை அதே மண்ணுக்குத் திரும்புகிறது. ஆறு மாதம், மிஞ்சினால் ஓராண்டு, அதற்குள் ஊரின் நிலைமை ஏறத்தாழப் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மாத்திரையினால் மட்டும் எடையும் படிப்பும் எவ்வளவு உயரும் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே வாதம் ஓயவில்லை.

இது ஒழிக்க முடியாத பீடை என்று யாரும் சோர்ந்துபோக வேண்டாம். 1963-ல் தென்கொரியாவின் ஜியோஞ்சு நகரத்து மருத்துவமனையில், கடும் வயிற்றுவலியோடு வந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் குடலிலிருந்து 1,063 புழுக்களை எடுத்தார்கள், குழந்தை பிழைக்கவில்லை. அந்த மரணத்தின் அவமானம் ஒரு தேசத்தை உலுக்கியது. 1964-ல் ஒட்டுண்ணி ஒழிப்புக்கென்றே ஒரு சங்கம் அமைந்தது. 1966-ல் சட்டம் வந்தது. 1969 முதல் 1995 வரை, ஆண்டுக்கு இருமுறை, பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தம் பெயர் எழுதிய சிறு உறையில் மலத்தை எடுத்துவந்து கொடுக்க, அதைப் பரிசோதித்து, முட்டை கண்டவர்களுக்குப் பள்ளியிலேயே மருந்து கொடுத்தார்கள். 1971-ல் நூற்றுக்கு 55 பேரிடம் இருந்த நாக்குப்பூச்சி, 1997-ல் பத்தாயிரத்துக்கு 6 பேராகச் சுருங்கியது. போருக்குப் பிந்திய ஜப்பானும் இதே வழியில் சென்று வென்றது. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மருந்தோடு கூடவே, மனித மலத்தை வயலுக்கு எருவாக இடும் நெடுங்கால வழக்கம் அங்கே அற்றுப்போயிற்று. வீடுகளுக்குச் சுகாதாரமான கழிப்பறை வந்தது. புழுவை இரு முனையிலும் பிடித்து நெருக்கினார்கள். நாம் ஒரு முனையை மட்டும் பிடித்திருக்கிறோம்.

மறுமுனையில் நம் நிலை என்ன? கழிப்பறைகள் ஏராளமாகக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை மறுப்பவன் நானல்லேன். ஆனால் கட்டிய கழிப்பறையில் விறகு அடுக்கியிருக்கும் வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரியவர்கள் கழிப்பறைக்குச் செல்லும் வீட்டிலும், "பச்சைப் பிள்ளை மலத்தில் என்ன இருக்கு" என்று கைக்குழந்தையின் மலத்தைத் துணியில் வழித்துக் குப்பைமேட்டிலோ சாக்கடையிலோ எறிந்துவிடுகிறார்கள். தவழ்ந்து மண் தின்கிற ஒன்றரை வயதுக் குழந்தையின் வயிற்றிலும் முட்டையிடும் புழு இருக்கக்கூடும் என்பதை எந்த அங்கன்வாடிச் சுவரும் அந்தத் தாய்க்கு எழுதிக் காட்டவில்லை.

இவையெல்லாவற்றிலும் என் மனத்தை அதிகம் உறுத்துவது, ஊருக்கு வெளியே இருட்டிய பின் நடக்கிற காரியம். வீட்டுத் தொட்டி நிறைந்தவுடன் செப்டிக் டேங்க் லாரியை வரவழைக்கிறோம். அது உறிஞ்சிக்கொண்டு போகிறது. எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை. செப்டிக் டேங்கில் நீர் மேலே தெளிந்து ஓட, கனமான முட்டைகள் அடிவண்டலில் தங்குகின்றன; ஆகவே அந்த வண்டல், ஒரு தெருவின் புழு முட்டைகளையெல்லாம் ஓரிடத்தில் திரட்டிவைத்த சேமிப்பு. அதை ஏரிக்கரையிலும், புறம்போக்கிலும், கேட்பார் இல்லாத வாய்க்காலிலும், சில இடங்களில் எருவென்று சொல்லி வயலிலும் கொட்டிவிட்டு வந்தால், முன்பு ஊர் மக்கள் தனித்தனியே நடந்து சென்று செய்த கெடுதலை ஒரு லாரி மொத்தமாகச் செய்துவிடுகிறது. பாசனத்துக்கு விடும் கழிவுநீரில் லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. வண்டலை உலர்படுகைகளில் மாதக்கணக்கில் காயவிட்டோ, 60 பாகைச் சூட்டுக்கு உட்படுத்தி மக்கச்செய்தோ முட்டைகளைக் கொல்ல முடியும். அரிய விஞ்ஞானம் ஒன்றும் அதற்குத் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2014-லேயே கழிவு வண்டல் மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிகள் வகுக்கப்பட்டன. திருச்சியிலும் கோவையை அடுத்த பேரூராட்சிகளிலும் முறையான முயற்சிகள் நடந்திருக்கின்றன. நெறி இருக்கிறது, யுக்தி இருக்கிறது. ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பிடிவாதம்தான் போதவில்லை.

சுகாதாரத் துறை மாத்திரையைக் கணக்குப் பார்க்கிறது. ஊரக வளர்ச்சித் துறை கழிப்பறையைக் கணக்குப் பார்க்கிறது. பள்ளிக் கல்வித் துறை வருகையைக் கணக்குப் பார்க்கிறது. மண்ணில் உள்ள முட்டையைக் கணக்குப் பார்க்கும் துறை இல்லை. மாவட்டந்தோறும் சில பள்ளிகளின் விளையாட்டுத் தரையிலிருந்தும், லாரிகள் கொட்டுகிற இடங்களிலிருந்தும் ஆண்டுக்கொரு முறை மண்ணை எடுத்துப் பரிசோதித்து, முடிவை ஊரறிய எழுதிப் போடவேண்டும் என்பது என் கோரிக்கை. மருத்துவக் கல்லூரிகள் ஏறத்தாழ எல்லா மாவட்டங்களிலும் அமைந்துவிட்ட நம் மாநிலத்துக்கு இது பெரிய செலவன்று. மலத்தில் புழுவைத் தேடுவதோடு நில்லாமல் மண்ணிலும் தேடத் தொடங்கினால்தான், கொடுத்த மாத்திரை பலன் தந்ததா இல்லையா என்பதே நமக்குத் தெரியவரும்.

அதுவரையில் வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குச் சென்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: நம் ஊர்த் தொட்டிகளை அள்ளிச் செல்லும் லாரி எங்கே கொட்டுகிறது? நம் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையிலும் கைகழுவும் குழாயிலும் நாள்தோறும் தண்ணீர் வருகிறதா? விடையை வாய்மொழியாக விட்டுவிடாமல், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்து, கையெழுத்திட்டுவிட்டு வாருங்கள்.